ஜார் பாடலாமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஐரோப்பிய ரேடியோ நிலையம் ஒன்று, பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு ருஷிய சங்கீத நாடகத்தை ஆதியோடந்தமாக ஒலிபரப்பியது. அதைக் கேட்பதற்காக நாம் நடுநிசி தாண்டியும் கண்விழித்திருந்தோம். முற்காலத்தில் இப்படிப்பட்ட காரியத்துக்கு மொட்டைமாடியிலே கம்பி கட்டி, பெட்டியின் திருகைத் திருகித் திருகிக் கை ஓய்ந்து, கடைசியில் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேளாமல் படுக்கப் போவதுண்டு. இப்போது உள்ளங்கையளவு கைப்பேசியே உலகத்து நிலையங்களையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. கரகரப்புக்குப் பதிலாக வேறொரு சங்கடம் மட்டும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நாடகத்தின் பெயர் 'பிஸ்கோவ் நகரத்துப் பெண்'. இயற்றியவர் ரிம்ஸ்கி கோர்ஸகாவ். இவருடைய 'ஷெஹரஸாதே' என்னும் வாத்திய இசையை மேனாட்டுச் சங்கீதத்தில் சிறிது பழக்கமுள்ளவர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் இவர் 15 சங்கீத நாடகங்கள் இயற்றியவர் என்பதும், அவற்றுள் முதலாவது இந்த நாடகம் என்பதும் ருஷியாவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அந்நிய நாடுகளின் மேடைகளில் இது ஏறுவது மிகவும் அபூர்வம். மாஸ்கோவிலுள்ள பெரிய நாடக சாலையாகிய பல்ஷோயைச் சேர்ந்த பாடகர்கள் 1947-ஆம் ஆண்டில் பாடிப் பதிவு செய்த தட்டுகளே அன்று ஒலித்தன. வாத்தியக் குழுவை நடத்தியவர் ஸகாரவ்; இவான் ஜாராகப் பாடியவர் அலெக்ஸாண்டர் பிரகோவ் என்னும் கனத்த சாரீரக்காரர்.

கதையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பிஸ்கோவ் என்ற ஊரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ருஷியாவின் வடமேற்கு எல்லையில் இருக்கும் இந்தப் பழைய நகரமும், அதன் அண்டையிலுள்ள நாவ்கோரோட் நகரமும், மாஸ்கோவின் அதிகாரம் பரவுவதற்கு முன் தம்மைத் தாமே ஆண்டுவந்தன. 'வேச்சே' என்று ஒரு ஜனசபை அங்கே இருந்தது. கோயிலருகில் தொங்கிய ஒரு மணியை அடித்தால் பிரஜைகள் மைதானத்தில் வந்து கூடுவார்கள். யுத்தமா சமாதானமா, எந்தப் பிரபுவை அழைத்து வைத்துக்கொள்வது, எவனை ஊரைவிட்டு அனுப்புவது என்பதையெல்லாம் அங்கே கூச்சலும் சச்சரவுமாகத் தீர்மானிப்பார்கள். இந்தச் சபைகளில் பணக்காரர்களின் கை ஓங்கியிருந்ததென்று சரித்திரக்காரர்கள் சொல்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மணி ஊருடைய மணி. அரசனுடைய மணி அல்ல.

நாவ்கோரோட்டின் மணியை மாஸ்கோ அரசன் மூன்றாம் இவான் 1478-இல் இறக்கி எடுத்துப் போனான். பிஸ்கோவின் முறை 1510-இல் வந்தது. அவனுடைய மகன் மூன்றாம் வாஸிலியின் உத்தரவின்படி ஜனவரி 13-ஆம் தேதி திரித்துவக் கோயிலின் மணி கீழே இறக்கப்பட்டது. ஊரார் அதைப் பார்த்து அழுதார்கள். 300 குடும்பங்களை வேரோடு பெயர்த்து வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு, மாஸ்கோ மனிதர்களைக் கொண்டுவந்து அவர்கள் வீடுகளில் குடியேற்றினார்கள். கத்தி உருவப்படவில்லை, இரத்தம் சிந்தவில்லை. ஒரு நகரத்தின் சுதந்திரம் வண்டியில் ஏறிப் போயிற்று.

வாஸிலியின் மகன்தான் நான்காம் இவான். 'பயங்கர இவான்' என்று உலகம் அறிந்த ஜார். 1570-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவன், துரோகம் செய்யத் திட்டமிட்டது என்ற சந்தேகத்தின் பேரில், நாவ்கோரோட் நகரத்தின் மேல் பாய்ந்தான். வாரக்கணக்கில் கொலை நடந்தது. அங்கிருந்து பிஸ்கோவுக்குப் புறப்பட்டான். அடுத்தது தாங்கள்தான் என்று பிஸ்கோவ்வாசிகள் நிச்சயித்துக்கொண்டார்கள். ஆனால் என்ன காரணத்தாலோ நாவ்கோரோட்டின் கதி பிஸ்கோவுக்கு நேரவில்லை. இதற்கு ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. நிகோலா என்ற ஒரு பித்தர், கிறிஸ்தவர்கள் மாமிசம் தொடாத விரத காலத்தில், ஜாரிடம் ஒரு பச்சை மாமிசத் துண்டை நீட்டினாராம். "நான் கிறிஸ்தவன், விரத நாளில் இதைத் தின்பேனா?" என்று ஜார் சீற, மனித மாமிசத்தைத் தின்பதைவிட இது பெரிய பாவமா என்று பித்தர் கேட்டாராம். ஜார் வெலவெலத்து ஊரை விட்டுப் போய்விட்டானாம்.

இது எவ்வளவு அருமையான நாடகக் காட்சி! ஆயினும் லெவ் மேய் என்ற கவி 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சம்பவத்தை நாடகமாக எழுதியபோது பித்தரைப் பிடித்துக்கொள்ளவில்லை. தாமாக ஒரு பெண்ணைக் கற்பித்துக்கொண்டார். அவள்தான் ஓல்கா. பிஸ்கோவின் அதிகாரியாகிய டோக்மகோவ் பிரபு அவளைத் தம் மகளாக வளர்க்கிறார். உண்மையில் அவள் அவருடைய மைத்துனி வேராவின் பெண். தகப்பன் யாரென்று ஊருக்குத் தெரியாது. நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். பல வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் வந்துபோன இவான் ஜார்தான் தகப்பன். பிஸ்கோவை அழிக்க வந்தவன் அங்கே தன் மகளைக் கண்டு, ஊரை மன்னிக்கிறான். மேயின் இந்த நாடகத்தைத்தான் ரிம்ஸ்கி கோர்ஸகாவ் எடுத்துக்கொண்டார்.

முதல் அங்கம் தோட்டத்தில் தொடங்குகிறது. பெண்கள் பழம் பறித்து விளையாடுகிறார்கள். கிழத் தாதி ஒருத்தி கதை சொல்லத் தொடங்குகிறாள். ஓல்கா தன் காதலன் மிகைல் டூச்சாவைச் சந்திக்கிறாள். அவளைக் கிழட்டுப் பிரபு ஒருவனுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. இதெல்லாம் சாவகாசமாக, சற்று அதிக சாவகாசமாகவே, நடக்கிறது. நமக்கு ஒரு முறை கொட்டாவி கூட வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிறகு, தான் டோக்மகோவின் மகள் அல்ல என்பதை ஓல்கா மறைவிலிருந்து கேட்டுத் திகைத்து நிற்கும் சமயத்தில், தூரத்தில் மணி ஒலிக்கத் தொடங்குகிறது. கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

அடுத்த காட்சி வேச்சே. நாவ்கோரோட்டிலிருந்து தூதன் ஓடிவந்து, அங்கே நடந்ததைச் சொல்லி, ஜார் இங்கேயும் வருகிறான் என்று அறிவிக்கிறான். ஜனங்கள் ஒரே குரலில் பாடுவதில்லை. ஒரு மூலையில் பயம். இன்னொரு மூலையில் ஆத்திரம். ஒரு பகுதியார் ஆயுதம் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பகுதியார் வாயடைத்துப் போகிறார்கள். டோக்மகோவ் எழுந்து, எதிர்த்தால் நாசம், ரொட்டியும் உப்பும் வைத்து ஜாரை வரவேற்போம் என்கிறார். அவருடைய பாட்டில் கௌரவமும் துக்கமும் இருக்கின்றன. அவரைக் கோழை என்று தள்ளிவிட முடியாது. அவருக்குப் பிறகு டூச்சா எழுந்து, பணியமாட்டேன் என்று சொல்லி, தன்னோடு வரும் வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்குப் போகிறான். 1947-ஆம் வருஷத்துத் தட்டில் டூச்சாவாகப் பாடியவர் நெலெப். வாத்தியங்கள் ஓய்ந்துவிட, நாடோடிப் பாட்டு ஒன்றை வெறும் குரல்களாகவே பாடிக்கொண்டு அவர்கள் மெல்ல மெல்லத் தூரத்தில் மறைகிறார்கள். பின்னால் மணி மறுபடியும் அடிக்கிறது.

அந்த இடத்தில்தான் நாம் முன்பு சொன்ன சங்கடம் நேர்ந்தது. கைப்பேசி திடீரென்று ஊமையாயிற்று. வீட்டிற்கு வரும் இணைய இணைப்பு அறுந்துவிட்டது. இருட்டில் நாம் அதைத் தட்டியும் தடவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மூன்று நிமிஷங்களில் மறுபடியும் உயிர் வந்தபோது, மணி நின்றுபோயிருந்தது. பிற்பாடு அந்தப் பகுதியை வேறு வழியாகத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டோம் என்றாலும், அன்று விடுபட்ட அந்த மணியைப் பற்றிய மனக்குறை இன்னும் இருக்கிறது.

நிற்க. கவனமாகப் படித்துவரும் நேயர்களில் யாராவது இப்போது நம்மை மடக்கலாம். பிஸ்கோவின் மணியைத்தான் 1510-இலேயே இறக்கிவிட்டார்களே, 1570-இல் எந்த மணி அடித்தது, எந்தச் சபை கூடிற்று, என்று. நியாயமான கேள்வி. அப்படி ஒரு சபை 1570-இல் இருந்ததில்லை, இருந்திருக்கவும் முடியாது. அறுபது வருஷங்களுக்கு முன் செத்துப்போன சபையைக் கவி எழுப்பி நிறுத்தியிருக்கிறார். சரித்திரப் பரீட்சையில் இதற்கு மார்க்கு கிடைக்காது. ஆனால் ஜாரின் ஆட்சி ஓங்கியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில், ஜனங்கள் மைதானத்தில் கூடி, ராஜா வருகிறான், என்ன செய்வோம் என்று தாங்களே விவாதிப்பதை மேடையில் காட்டுவதற்கு வேறு எந்த வழி இருந்தது என்று நமக்குத் தெரியவில்லை.

இந்த நாடகத்தைத் தொடங்கியபோது, 1868-இல், ரிம்ஸ்கி கோர்ஸகாவுக்கு வயது 24. கப்பற்படையில் உத்தியோகம். 'அல்மாஸ்' என்ற கப்பலில் லண்டன், நியூயார்க், ரியோ டி ஜனீரோ எல்லாம் சுற்றி வந்தவர். 1871-இல் பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கல்லூரியில் ஆசிரியர் பதவி கொடுத்தார்கள். அப்போது தமக்குச் சங்கீத சாஸ்திரத்தில் சரியான பயிற்சியே இல்லை என்று அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவர்களுக்கு ஒரு படி முன்னால் தாமும் படித்தாராம்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அவரும் நண்பர் முஸோர்க்ஸ்கியும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து வசித்தார்கள். அறையில் பியானோ ஒன்று, மேஜை ஒன்று. முஸோர்க்ஸ்கி அப்போது 'போரிஸ் கோடுனாவ்' என்ற புகழ்பெற்ற சங்கீத நாடகத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். நடுப்பகல் வரையில் பியானோ முஸோர்க்ஸ்கிக்கு. அந்த நேரத்தில் மற்றவர் மேஜையில் உட்கார்ந்து பிரதி எடுப்பதோ, முன்பே யோசித்து முடித்ததை வாத்தியங்களுக்குப் பங்கிட்டு எழுதுவதோ செய்வார். பன்னிரண்டு மணிக்கு முஸோர்க்ஸ்கி தம் சர்க்கார் ஆபீசுக்குப் போவார். உடனே பியானோ கைமாறும். சாயங்காலம் யாருக்கு என்பதைப் பரஸ்பரம் பேசி முடித்துக்கொள்வார்கள். இரண்டு பெரிய மேதைகள் ஒரு பியானோவை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் ஒரு வீட்டில் காலந்தள்ளியது சங்கீத உலகத்தில் அதிசயமான செய்திதான். இருவருடைய நாடகங்களிலும் பாத்திரங்களிலெல்லாம் பெரிய பாத்திரம் ஜனக்கூட்டமே என்பது அந்த ஒரே அறையின் விளைவோ என்று நமக்கு ஒரு சந்தேகம்.

எழுதி முடித்தாயிற்று, மேடையேற வேண்டுமே! இங்கேதான் வேடிக்கை. முதலாம் நிகோலஸ் காலத்துச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. ரோமானவ் வம்சத்து ஜார்களை மேடையில் காட்டவே கூடாது. அதற்கு முற்பட்ட ஜார்களை வசன நாடகத்தில் காட்டலாம். சங்கீத நாடகத்தில் கூடாது. ஏன் என்று விசாரித்ததற்குக் கிடைத்த பதில், ஜார் திடீரென்று ஏதாவது ஒரு தெருப்பாட்டைப் பாடிவிட்டால் நன்றாயிராதே என்பதுதான்! கொல்லலாம், கொளுத்தலாம், வசனம் பேசலாம், பாடக் கூடாது. நமது நாடக மேடையில் ராஜபார்ட் வாய் திறந்து பாடாவிட்டால் அல்லவா ஜனங்கள் கலாட்டா செய்வார்கள்!

ஆசிரியர் கப்பற்படை அதிகாரியாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கடற்படை மந்திரியின் மூலமாகவும், சக்கரவர்த்தியின் சகோதரர் கான்ஸ்டன்டீன் கோமகனின் மூலமாகவும் முயன்று தடையை நீக்கிக்கொண்டார். நண்பரின் 'போரிஸ்' மேடையேறுவதற்கும் இதனால் வழி பிறந்தது. தணிக்கை அதிகாரி அப்போதும் விடவில்லை. பிஸ்கோவில் குடியரசு நடந்ததாகத் தோன்றும் சொற்களையெல்லாம் அடித்துவிட வேண்டும், அந்தச் சபையைச் சாதாரணக் கலகமாக மாற்ற வேண்டும் என்றார். சொற்களை மாற்றினார்கள். ஆனால் மணியின் நாதத்தையும் ஜனக்கூட்டத்தின் குரலையும் எந்த மையைக் கொண்டு அடிப்பது? 1873-ஆம் ஆண்டு ஜனவரியில் மரீன்ஸ்கி நாடக சாலையில் முதல் முறையாக இது நடந்தபோது, வாத்தியக் குழுவை நடத்தியவர் நாப்ராவ்னிக். ஜாராகப் பாடியவர் முதிய பாடகர் பெட்ரோவ். வாலிபர்கள் காட்டுக்குப் போகும் பாட்டு மாணவர்களுக்குப் பிடித்துப்போய், தங்கள் கல்லூரித் தாழ்வாரங்களில் அதை உரக்கப் பாடிக்கொண்டு திரிந்தார்களாம். தணிக்கை அதிகாரி அந்தத் தாழ்வாரங்களுக்குப் போயிருக்கமாட்டார்.

ஆசிரியருக்கோ திருப்தியில்லை. சாஸ்திரம் படிக்கப் படிக்கத் தம் முதல் பிள்ளையின் குறைகள் அவர் கண்ணில் பட்டன. 1877-ஐ ஒட்டி ஒரு முறை மாற்றி எழுதினார். அது மேடைக்கே வரவில்லை. 1892-இல் மூன்றாவது முறையாகத் திருத்தி முடித்தார். மூன்று அங்கமும் ஆறு காட்சியுமாக இன்று வழங்குவது அதுதான்.

இரண்டாம் அங்கத்தில் ஜார் வருகிறான். அதுவரையில் அவனை நாம் கண்டதில்லை. அவனைப் பற்றிய பயத்தை மட்டுமே கேட்டிருக்கிறோம். ஊரார் ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு வீதியில் நிற்க, மணிகள் முழங்க, குதிரையின் மேல் வருகிறான். ரேடியோவில் குதிரை தெரியாது. ஜனங்கள் மண்டியிட்டுக் கெஞ்சும் குரல் மட்டும் கேட்கிறது. அதுவே போதுமாயிருந்தது. அடுத்தபடி டோக்மகோவின் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று ஜார் கேட்கிறான். அழிக்க வந்தவன் அனுமதி கேட்கிறான்!

இந்த ஒரு கேள்வியைப் பாட முடியாமல் அழுதவர் ஒருவர் உண்டு, அவர்தான் ஷாலியாபின். இந்நாடகம் முதன்முதலில் நடந்த அடுத்த மாதத்தில் பிறந்தவர். 1896-இல், 23 வயதில், மாமன்டவ் என்ற தனவந்தர் மாஸ்கோவில் நடத்திய தனி நாடகக் குழுவில் இவானாக ஒத்திகை பார்த்தார். ஜாரின் கபடத்தைக் காட்டுவதாக நினைத்து அந்தக் கேள்வியைக் குழைந்து பாடினார். காட்சியில் உயிரில்லை. தமக்கே அது தெரிந்து, அறைக்குப் போய் அழுதார். மாமன்டவ் வந்து, நீ காட்டுவது தந்திரக்காரனையும் பாசாங்குக்காரனையும்தான், பயங்கர இவானை அல்ல, என்று எடுத்துச் சொன்னார். ஷாலியாபின் திரும்பிப் போய் அதே கேள்வியை இரும்புத் தடி விழுவதுபோல் கம்பீரமாகக் கேட்டார். உடன் நடித்தவர்கள் நடுங்கிவிட்டார்களாம். அன்று முதல் அந்த வேஷம் அவருடையதாயிற்று. 1909-இல் பாரிஸிலும் 1913-இல் லண்டனிலும் அதைக் காட்டிப் புகழ் பெற்றார். 1915-இல் இதே கதையைச் சினிமாவாக எடுத்தபோதும் அவரே ஜார். ஊமைப்படம்! பாடத் தடையிருந்த ஜாருக்குக் கடைசியில் மறுபடியும் வாயடைத்துப் போயிற்று.

பிரகோவ் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டார் என்று நேயர்கள் அறிய விரும்பலாம். உரக்கக் கேட்கவில்லை. மிகத் தாழ்ந்த ஸ்தாயியில், பழைய மாதாகோயில் கீதத்தை நினைவூட்டும் மெட்டு வாத்தியங்களில் ஊர்ந்துகொண்டிருக்க, அவசரமின்றிக் கேட்டார். நாம் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தோம், வேறென்ன சொல்வது?

ஓல்கா அவனுக்கு உபசாரம் செய்ய வருகிறாள். அவள் முகத்தைக் கண்டதும் ஜார் தடுமாறுகிறான். யாருடைய பெண் என்று விசாரித்து அறிந்தபின், பிஸ்கோவ் பிழைத்தது என்று அறிவிக்கிறான். மூன்றாம் அங்கத்தில் காடு, வேட்டை, இடிமழை. இந்த வாத்தியப் பகுதியைக் கடலில் திரிந்தவரால்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. ஓல்காவைக் கிழட்டுப் பிரபுவின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் ஜாரின் கூடாரத்தில் சேர்க்கிறார்கள். அங்கே தகப்பனும் மகளும் தனியே பேசுகிறார்கள். அவனைப் பிடிக்கவும் இல்லை, வெறுக்கவும் முடியவில்லை அவளுக்கு. வெளியில் கூச்சல், டூச்சாவின் ஆட்கள் கூடாரத்தைத் தாக்குகிறார்கள். காதலனின் குரல் கேட்டு ஓல்கா வெளியே ஓடுகிறாள். துப்பாக்கிக் குண்டு அவளைச் சாய்த்துவிடுகிறது. ஜார் பிணத்தின் மேல் விழுந்து புலம்புகிறான்.

இந்தப் புலம்பலைக் கேட்டு உருகியதோடு நமக்கு ஒரு நினைவும் வந்தது. சரித்திரத்து இவான், 1581-இல், கோபாவேசத்தில் தன் சொந்த மகனையே அடித்துக் கொன்றவன். ரேபின் என்ற சித்திரக்காரர் 1885-இல் அதை எழுதியிருக்கிறார். இரத்தம் வழியும் மகனை மடியில் தாங்கிக்கொண்டு விழி பிதுங்க உட்கார்ந்திருக்கும் கிழவனின் முகம் ஒரு முறை பார்த்தால் மறக்காது. கவி கற்பித்த மகளும், சரித்திரத்தில் இறந்த மகனும் அந்த இருட்டில் நம் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

திரை விழுவதற்கு முன் பிஸ்கோவ் ஜனங்கள் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். இறந்த பெண்ணுக்காகவும், தங்கள் நகரத்தின் பழைய சுதந்திரத்துக்காகவும் சேர்த்து ஒரே இரங்கல். உரத்த குரல் இல்லை. பாட்டை இயற்றியவர் 1905-இல், கிளர்ச்சி செய்த மாணவர்கள் பக்கம் பேசியதற்காகச் சங்கீதக் கல்லூரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்பதையும், சில மாதங்களில் திரும்ப அழைக்கப்பட்டார் என்பதையும், அவருடைய கடைசி நாடகமாகிய 'பொற்சேவல்' ஒரு மூட ராஜாவின் கதையென்பதால் மறுபடியும் தணிக்கையில் மாட்டி, 1908-இல் அவர் இறக்கும் வரையில் மேடையேறவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம். முதல் நாடகத்தில் தொடங்கிய வழக்கு கடைசி நாடகம் வரையில் அவரை விடவில்லை.

பாட்டு ஓய்ந்ததும் அறிவிப்பாளர் பாடகர்களின் பெயர்களை நிதானமாக வாசித்தார். மணி இரண்டேகால் ஆகியிருந்தது. நாம் கைப்பேசியை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது. அதற்குப் பதிலாக எங்கேயோ இன்னொன்று குரைத்தது.